தோளில் ஏறிய டிராகன்

1

ஒரு கெண்டையைக் கொல்ல ஓர் அடி போதும். இரண்டாவது அடி தேவைப்பட்டால் முதல் அடியைப் பயந்து அடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். நான் பல வருடங்களாக அடிக்கிறேன், இன்னும் பயந்துதான் அடிக்கிறேன்.

மொன்றியலில் சென்-லோரன் பக்கம் ஒரு சீனக் கடை. அதில் மீன் பகுதியில் எனக்கு வேலை. கண்ணாடித் தொட்டிகளில் மீன்கள் உயிரோடு நிற்கும். வாங்க வருபவர் ஒன்றை விரலால் காட்டுவார். நான் வலையால் அள்ளி, பலகையில் போட்டு, ஈரத் துணியால் கண்ணை மூடி, மரப்பொல்லால் நெற்றியில் அடிப்பேன். பேந்து செதில் சீவி, வயிற்றைக் கீறி, குடலை எடுத்துப் பையில் போட்டுக் கொடுக்க வேண்டும். சில மீன்கள் குடல் எடுத்த பிறகும் பைக்குள் துள்ளும். வாங்கியவர்கள் அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள், நல்ல மீன் என்று.

எங்கள் யாழ்ப்பாணத்து ஊரில் நான் மீன் வெட்டியிருக்கிறேன், கொன்றதில்லை. எங்களிடம் வருகிற மீன் கடலிலேயே செத்துத்தான் வரும். வெள்ளிக்கிழமை மரக்கறி. இங்கே வெள்ளிக்கிழமைதான் சனம் கூடிய நாள். காலையில் விபூதி பூசிக்கொண்டு போவேன். மத்தியானத்துக்குள் ஏப்ரன் முழுக்க இரத்தம்.

ஊரில் இருந்து தொலைபேசி எடுப்பவர்கள் குளிரைப் பற்றித்தான் கேட்பார்கள். குளிர் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். ஆனால் போன மாதம் நீதிமன்றத்தில் நடந்ததை எங்கள் ஆட்கள் தங்கள் பாட்டுக்குக் கதைத்து, அது கடல் தாண்டி ஊருக்கும் போய், அங்கிருந்து வேறு ஒரு கதையாகத் திரும்பி என்னிடமே வந்துவிட்டது. ஆகவே நானே எழுதுகிறேன். முதலில் இருந்து சொன்னால்தான் விளங்கும். முதல் என்றால் டிராகனில் இருந்து.

2

என்னோடு மீன் பகுதியில் நிற்பவள் மெய்லின். சீனாவில் குவாங்டோங் பக்கம். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள் என்பதால் "அக்கா" என்று கூப்பிடத் தொடங்கினேன். இப்போது முதலாளி உட்பட கடையில் எல்லாரும் அவளை அக்கா என்கிறார்கள், அதுதான் அவளுடைய பெயர் என்று நினைத்து. அவளும் திரும்பிப் பார்க்கிறாள்.

எங்கள் இருவருக்கும் பொதுவான மொழி உடைந்த பிரெஞ்சு. மீன் செத்தாலும் "மோர்", விளக்கு அணைந்தாலும் "மோர்", பஸ் போய்விட்டால் பஸ்ஸும் "மோர்". சாவைக் குறிக்கிற அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இருவரும் பாதி வாழ்க்கையைப் பேசி முடித்திருக்கிறோம்.

சீன வருடப் பிறப்புக்குத் தொட்டிகளுக்கு மேலே காகித டிராகன் ஒன்று தொங்கவிடுவார்கள். முதல் வருடம் அதைப் பார்த்துவிட்டு நான் பாம்பு என்றேன். மெய்லின் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். கொம்பு மானுடையது, நகம் கழுகுடையது, பாதம் புலியுடையது, செதில் கெண்டையுடையது, கழுத்து மட்டும்தான் பாம்பு என்று தன் உடம்பிலேயே தொட்டுத் தொட்டுக் காட்டினாள். அது நெருப்புக் கக்காதாம். சிறகில்லாமல் பறக்குமாம். மழை அதன் பொறுப்பு. ஆனால் கோபம் வந்தால் ஆற்றைத் தூக்கி ஊருக்குள் விட்டுவிடும். அவளுடைய ஊரில் வெள்ளம் வந்து பன்றிகளும் ஆட்களும் ஒன்றாக மிதந்த வருடத்தில், எவனோ டிராகனைச் சீண்டிவிட்டான் என்றுதான் பெரியவர்கள் சொன்னார்களாம்.

நாங்கள் பஸ் மாறுகிற இடத்தில் ஒரு தேவாலயம் இருக்கிறது. அதன் முகப்பில் குதிரையில் வந்த ஒருவன் டிராகனின் வாய்க்குள் ஈட்டியை இறக்குகிற சிலை. அதைக் கடக்கும்போதெல்லாம் மெய்லின் உச்சுக்கொட்டுவாள். அது அவனுக்கு என்ன செய்தது என்று ஒருநாள் என்னிடம் கேட்டாள், நான்தான் ஈட்டியை எடுத்துக் கொடுத்தவள் போல.

கெண்டைதான் டிராகன் ஆகிறது என்பதையும் அவள்தான் சொன்னாள். ஆற்றின் மேலே ஒரு வாசல். தண்ணீர் அங்கிருந்து பாறையில் விழுகிறது. கெண்டைகள் கூட்டமாக எதிர்த்து நீந்தி வந்து பாய்கின்றன. தாண்டுகிற ஒன்றின் வாலை மின்னல் எரிக்கிறது, அது டிராகன் ஆகிப் போகிறது. தாண்டாதவை பாறையில் நெற்றி அடிபட்டு, அந்தத் தழும்போடு திரும்பிப் போகின்றன. இதைச் சொல்லிக்கொண்டே என் பலகையில் கிடந்த கெண்டையின் நெற்றியைப் பெருவிரலால் தடவினாள். அன்று அந்த மீனுக்கு நான் மூன்று தரம் அடிக்க வேண்டியிருந்தது.

இன்னொன்றும் சொன்னாள். செதில் சீவும்போது வாலில் இருந்து தலைப்பக்கம் கத்தியை இழுக்க வேண்டும். செதில்கள் எல்லாம் ஒரே பக்கம் படுத்திருப்பதால் அப்போதுதான் கழன்று வரும். டிராகனுக்கும் அப்படித்தானாம், ஆனால் தொண்டைக்குக் கீழே ஒரு செதில் மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்திருக்கும். டிராகன் சாதுவான பிராணி, பழகினால் முதுகில் ஏறியும் போகலாம். அந்த ஒரு செதிலில் கை பட்டால் மட்டும், பட்டது யார் என்று பாராமல் கொன்றுவிடும்.

நான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள். இதையும் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு பயப்பட்டேன்.

3

ஆரணி எங்கள் ஒரே பிள்ளை. அவள் பிறந்தது சீனருடைய டிராகன் வருடத்தில் என்று கணக்குப் பார்த்துச் சொன்னதும் மெய்லின்தான். சிறுவயதில் தமிழ் கதைத்தாள். பள்ளிக்கூடம் போனதும் பிரெஞ்சு, பிறகு ஆங்கிலமும் வந்தது. இப்போது கோபம் வந்தால் ஒரு மொழி, அலுப்பு வந்தால் ஒரு மொழி. தமிழ் எனக்கு விளங்கியே ஆக வேண்டும் என்கிற விஷயத்துக்கு மட்டும்.

பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே, நாங்கள் இருக்கிற கார்ட்டியர்வில்லில் ஒரு தெப்பனரில், அதாவது தெருமுனைச் சின்னக் கடையில், பின்னேரங்களில் வேலைக்கு நின்றாள். போன வருடம் மாசியில், வெளிச்சம் போன கையோடு, முகத்தைச் சால்வையால் மூடிய ஒருவன் உள்ளே வந்து சிகரெட் கேட்டிருக்கிறான். கையில் அட்டைப்பெட்டி வெட்டுகிற கத்தி. இவள் சிகரெட்டையும் கொடுத்து, காசு லாச்சியையும் திறந்து விட்டாள். அவன் குனிந்து அள்ளும்போது சால்வை நழுவியது. இவள் பார்த்தாள். "என்னைப் பார்க்காதே" என்று கத்தினானாம். அவள் கண்ணை எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று பிறகு நான் எத்தனையோ தரம் கேட்டேன், அவளுக்கே தெரியவில்லை. அவன் கழுத்தை நோக்கி வீசினான். அவள் திரும்பியதால் வெட்டு கழுத்தடி எலும்பில் தொடங்கி, தோளுக்கு மேலால் ஏறி, முதுகுச் சட்டம் வரை போனது.

வைத்தியசாலையில் அவளுடைய குளிர் ஜாக்கெட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடம் தந்தார்கள். பஞ்சு இரத்தத்தைக் குடித்துக் கல்லுப்போலக் கனத்தது. ஒவ்வொரு நாளும் இரத்தத்தில் கை வைக்கிறவள் நான், அந்தப் பையைத் தூக்க முடியாமல் நிலத்தில் வைத்துவிட்டேன்.

ஒரு கிழமையில் ஒருவனைப் பிடித்தார்கள். எங்களுக்கு நாலு தெரு தள்ளி இருக்கிறவன். கடைக் கமெரா அன்று பழுது. அவன்தான் என்று சொல்ல ஆரணியின் கண்ணைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. அவனுடைய லோயர் அவன் அன்றைக்கு வீட்டில் இருந்தான் என்று சொல்கிறாராம். நீதிமன்றத்தில் அவள் எழுந்து நின்று அவனைக் காட்ட வேண்டும்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு வேண்டுதல்தான். அவள் அதைச் செய்யக் கூடாது.

ஏன் என்று இங்கே உள்ளவர்களுக்குச் சொன்னால் விளங்காது, ஊரில் உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எனக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது ஆமி எங்கள் ஊரைச் சுற்றி வளைத்து, ஆண்கள் எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்தில் வெயிலில் இருத்தியது. ஜீப்புக்குள் தலையில் சாக்கைப் போட்ட ஒருவன் இருந்தான். தலையாட்டி. சாக்கில் இரண்டு ஓட்டைகள், அவற்றுக்குள் கண்கள். ஒவ்வொருவராக அவனுக்கு முன்னால் நடக்க வேண்டும். என் அண்ணை நடந்தபோது சாக்கு மேலும் கீழும் அசைந்தது. துவக்கின் பிடியால் வாயில் அடித்தார்கள். பல் மணலில் விழுந்ததை வேலிக்கு இப்பால் நின்று கண்டேன். அண்ணையைப் பிறகு காணவில்லை. அண்ணையைக் கொண்டுபோன அதிகாரி யார் என்று விசாரணைக்கு வந்தவர்களிடம் துணிந்து சொன்ன பக்கத்து வீட்டு ரீச்சரின் வீடு, ஒரு மாதத்துக்குள் கூரையோடு எரிந்தது. அவ உள்ளேதான் இருந்தா. அந்த வருடத்தோடு என்னைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்தினார்கள். படித்தது எட்டாம் வகுப்பு வரை. ஆனால் ஒரு பாடம் நன்றாகப் படித்திருந்தேன். காட்டப்பட்டவனும் தப்பவில்லை, காட்டியவளும் தப்பவில்லை.

"பார்த்தனான், ஆனா சரியாத் தெரியேல்லை எண்டு சொல்லு," என்றேன். "அவ்வளவுதான். பொய்யும் இல்லை."

"பொய்தான் அம்மா."

"அப்ப பொய் சொல்லு."

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். அடுத்த கிழமை எங்கள் கட்டிடத்தில் தபால் பெட்டிகள் உடைக்கப்பட்டிருந்தன. எங்களுடையது மட்டுமில்லை, ஒரு வரிசை முழுக்க. பெடியள் செய்த வேலை என்று காவலாளி சொன்னார். நான் நம்பவில்லை. பேருந்து நிறுத்தத்தில் எவன் தொப்பி போட்டு நின்றாலும் அவனுடைய கையைத்தான் பார்ப்பேன், கத்தி இருக்கிறதா என்று. ஆரணி வர நேரமானால் கையில் மீன் வெட்டுகிற கத்தியோடு யன்னலில் நின்றிருக்கிறேன். என் புருசனுக்கு இது பகிடி. துறைமுகத்தில் கொண்டெய்னர் இழுக்கிற ட்ரக் ஓடுகிறவர், எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டார். "ஒரு நாளைக்கு நூறு மண்டையை உடைச்சுப்போட்டு வாறாய், உனக்கென்னடி பயம்?" என்பார்.

4

கோடை வந்தது. ஒருநாள் குசினியில் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்ற ஆரணியின் சட்டைத் தோள் நழுவியது. நான் முதலில் காயம் அழுகிவிட்டது என்று நினைத்தேன். கறுப்பாக இருந்தது. கிட்டப் போனால் செதில்.

பச்சை குத்தியிருக்கிறாள். முதுகுச் சட்டத்தில் வால். வெட்டின் மேலேயே உடம்பு ஏறித் தோளைத் தாண்டி இறங்குகிறது. கழுத்தடியில் தலை. நகங்கள் சதைக்குள் பதிந்திருப்பது போல. தைத்த தழும்பு முழுவதும் அதன் முதுகுத் தண்டுக்குள் போய்விட்டது. தொண்டைக்குக் கீழே, கத்தி முதலில் இறங்கிய இடத்தில், ஒரு செதில் மற்றவற்றுக்கு எதிராக நின்றது. கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தோல்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத விருப்பமில்லை. கல்யாணம், சனம், கோயில் எல்லாம் அதில் இருந்தது. அவள் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"ஒவ்வொரு நாளும் குளிக்கேக்க அவன் வெட்டினதைத்தான் தொட்டுக்கொண்டிருந்தனான்," என்றாள் பிறகு. "இப்ப தொட்டா இது. விளங்குதா?"

விளங்கவில்லை. கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு மெய்லினிடம் போனேன். அவள் கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் படத்தைப் பார்த்தாள். நல்ல வேலை என்று முதலில் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். தோளைத் தாண்டுகிற டிராகன் பாரமாம். எல்லாராலும் சுமக்க முடியாது. அவளுடைய தெருவில் பன்றி வெட்டுகிற ஒருவன் வீம்புக்குக் குத்தினான், அந்த மாதமே லொறிக்குக் கீழே போனான். இன்னொருவனைச் சூதாட்டத்தில் குத்திக் கொன்றார்கள், கத்தி சரியாக டிராகனின் வாயால் உள்ளே போனதாம். உன் மகள் டிராகன் வருடத்துப் பிள்ளை, ஒருவேளை தாங்குவாள், ஆனால் கண்ணை மட்டும் வைக்க விடாதே என்றாள். கண் இல்லாத வரைக்கும் அது தூங்குகிறது. ஒரு கோயில் சுவரில் எவனோ கீறிய டிராகன்களுக்குக் கண் வைக்காமல் விட்டிருந்தானாம். சனம் வற்புறுத்தியதால் இரண்டுக்குக் கண் வைத்தான். இடி விழுந்து சுவர் வெடித்து, அந்த இரண்டும் போய்விட்டன.

ஆரணியைக் கேட்டேன். கண்ணுக்குக் கடைசித் தவணை மிச்சம் இருக்கிறது, வழக்குக்கு முதல் கிழமை என்றாள்.

அந்த வழக்கு சொன்ன நாளில் வரவில்லை. ஒருதரம் அவனுடைய லோயருக்குக் காய்ச்சல் வருத்தம். ஒருதரம் நீதிபதி மாற்றம். ஒவ்வொரு முறையும் ஆரணி சாப்பிடாமல் கிடந்து, வெளிக்கிட்டுப் போய், தள்ளிவைத்தாச்சு என்று திரும்பி வருவாள். பாதிக்கப்பட்டவரின் குடும்பத்துக்கு ஆலோசனை என்று எனக்கும் ஒரு தொலைபேசி வந்தது. மொழிபெயர்க்கச் சென்னைத் தமிழ் பேசுகிற ஒரு பிள்ளையை இணைத்தார்கள். "நைட்ல தூக்கம் வருதாம்மா?" என்று அன்பாகக் கேட்டது. எனக்கு யாழ்ப்பாணத்திலேயே வரவில்லை என்று வாய்வரை வந்தது, வருகிறது என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாவது தரமும் தள்ளிவைத்த நாளில் ஆரணி சப்பாத்தைக் கழற்றாமலே நிலத்தில் இருந்தாள்.

"களைச்சுப்போச்சு அம்மா. தெரியாது எண்டே சொல்லுறன். முடியட்டும்."

நான் அவளுடைய தலையைப் பிடித்துக் கொஞ்சினேன். அந்தச் சந்தோஷத்தில் டிராகனையும் மன்னித்தேன். கண்ணையும் வைத்து முடி என்றேன். அவள் ஒன்றை விட்டுக்கொடுத்தால் நானும் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும் அல்லவா.

5

ஆனால் பயம் என்னைச் சும்மா விடாது. சில வருடங்களுக்கு முன் இங்கே கும்பாபிஷேகம் நடந்தபோது சிலைகளுக்குக் கண் திறந்ததைப் பார்த்திருக்கிறேன். திரையை மூடிவிட்டு ஸ்தபதி கண்ணைத் திறப்பார். அந்த முதல் பார்வை பொல்லாதது, மனிதர் மேல் விழக் கூடாது. ஆகவே கண்ணாடியைக் காட்டுவார்கள், பசுவையும் கன்றையும் காட்டுவார்கள். பசுவை எங்கோ ஒரு பண்ணையில் இருந்து ட்ரெயிலரில் கொண்டுவந்து, மண்டபத்துக்குள் விட அனுமதி கிடைக்காமல் கார் நிறுத்துகிற இடத்தில் பனியில் நிற்க வைத்திருந்தார்கள்.

டிராகனுக்குக் கண் திறந்தால் அதன் முதல் பார்வை எங்கே விழும்? குனிந்திருந்து ஊசி போடுகிற பெடியனின் மேல். இல்லாவிட்டால் பக்கத்தில் இருக்கிற என் மேல். என்னில் விழுந்தால் பரவாயில்லை. ஆனால் அது கழுத்தடியில் இருந்து மேலே பார்க்கிற மாதிரித்தான் தலையை வைத்திருந்தது, ஆரணியின் முகத்தை. நான் வீட்டுக் குளியலறைக் கண்ணாடியைக் கழற்றித் துவாயில் சுற்றிக்கொண்டு அவளோடு போனேன்.

பச்சை குத்துகிற பெடியனின் பெயர் கெவின். வியட்நாமில் இருந்து வந்த சீனக் குடும்பம், சைனாடவுன் ஓரத்தில் கடை. நான் கண்ணாடியை அவிழ்த்ததும் ஆரணி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். "மொந்தியே, அம்மா," என்றாள், கடவுளே என்று பிரெஞ்சில். நான் கெவினுக்கு விளக்கினேன், என் பிரெஞ்சில், பசு உட்பட. அவன் சிரிக்கவில்லை. தன் அப்பம்மா சிங்க ஆட்டத்துச் சிங்கத்துக்குச் சிவப்பு மையால் கண் வைக்கும்போது பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்வா என்றான். கண்ணாடியை எந்தக் கோணத்தில் பிடிக்க வேண்டும் என்றும் அவனே காட்டினான்.

ஊசி இயந்திரம் இலையான் ஈ போல இரைந்தது. எலும்புக்கு மேல் தோல் மெல்லிசு, இரத்தப் பொட்டுகள் வந்தன. அவன் துடைத்துத் துடைத்துக் குத்தினான். முதல் கண் முடிந்ததும் நான் கண்ணாடியை நேரே நீட்டினேன்.

நான் நினைத்தது டிராகன் தன்னையே பார்த்துக்கொள்ளும் என்று. நான் நினைக்காதது, அதற்கு மேலே இருக்கிறவளும் பார்ப்பாள் என்று. வெட்டுப்பட்ட நாளில் இருந்து ஆரணி கழுத்துக்குக் கீழே தன்னைக் கண்ணாடியில் பார்த்ததே இல்லையாம். தொட்டிருக்கிறாள், பார்த்ததில்லை. உடுப்பு மாற்றும்போது முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாளாம். கெவின் குத்தும்போதும் மறுபக்கம் திரும்பியே படுத்திருந்தாளாம். இதெல்லாம் எனக்குத் தெரியாது.

அவள் பார்த்தாள். டிராகனுக்குக் கீழே அந்த வெட்டுத் தடித்து, முறுக்கி, தோளைத் தாண்டிப் போவது தெளிவாகத் தெரிந்தது. மை அதை மறைக்கவில்லை. அவளுடைய வாய் கோணியது. நான் கண்ணாடியை இழுக்கப் போனேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பிடியுங்கோ."

பிடித்தேன். இரண்டாவது கண் முடியும் வரை அவள் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை.

பஸ்ஸில் ஏறியதும் தமிழில் சொன்னாள், நான் விளங்காத மாதிரி இருக்கக் கூடாது என்பதற்காக.

"அம்மா, அவன்ர முகம் எனக்கு வடிவாத் தெரியும். நான் காட்டப் போறன்."

6

பழைய மொன்றியலில் இருக்கிற நீதிமன்றத்துக்கு நாங்கள் மூன்று பேராகப் போயிருக்க வேண்டும். கப்பல் ஒன்று பிந்தி வந்ததால் என் புருசனுக்கு லீவு கிடைக்கவில்லை. ஆரணியும் நானும் மட்டும். சாட்சியைக் கூப்பிடும் வரை வெளியே மர வாங்கு ஒன்றில் இருக்க வேண்டும். அவள் கழுத்து வரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்திருந்தாள். நான் பஸ்ஸிலும் கெஞ்சினேன், படியிலும் கெஞ்சினேன். தெரியாது என்று சொல்லு, அவன் என்றைக்கோ ஒருநாள் வெளியே வருவான், நாலு தெருதான். அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள், படுக்கையில் கிடக்கிற வருத்தக்காரரைத் தட்டுவது போல.

எதிர் வாங்கில் ஒரு மனிசி தனியாக இருந்தாள். என் வயதுதான். மடியில் சாப்பாட்டுப் பெட்டி, அதைத் துணியால் முடிந்திருந்தாள். எழுந்து எங்களிடம் வந்தாள். எந்த நாட்டவள் என்று எனக்குத் தெரியாது, பிரெஞ்சு என்னுடையதைப் போலவே நொறுங்கிக் கிடந்தது. அவன் தன் மகன் என்றாள். நல்ல பிள்ளை, கெட்ட சிநேகிதம் என்றாள். பிறகு சொன்னாள்:

"சரியாகத் தெரியவில்லை என்று சொல்லு, மகளே. அவ்வளவுதான். அது பொய் இல்லை."

ஒரு வருடமாக நான் சொல்லிவந்த வார்த்தைகள். ஒன்றுகூட மாறவில்லை. நான் எவ்வளவோ நேர்த்தி வைத்துக் கேட்ட உதவி, இந்த நாட்டில் என் பக்கம் நின்ற ஒரே ஆள், என் முன்னால் வந்து நிற்கிறாள். நான் அவளுக்குத் தலையாட்டியிருக்க வேண்டும். ஆட்டவில்லை. என் பிள்ளைக்கு இதையா நான் ஒவ்வொரு நாளும் சோறு போலத் தீத்திக்கொண்டிருந்தேன்?

ஆரணி முகத்தைத் திருப்பினாள். அந்த மனிசி இன்னும் கிட்ட வந்து, கெஞ்சிக்கொண்டே, அவளுடைய தோளைப் பிடித்து உலுக்கினாள். பெருவிரல் கழுத்தடி எலும்பில், வெட்டுத் தொடங்கிய அதே இடத்தில், அமுங்கியது. குத்தி ஒரு கிழமைகூட ஆகாத புண். ஆரணியிடம் இருந்து ஒரு சத்தம் வந்தது. பெரிய சத்தமில்லை. வைத்தியசாலையில் தையல் போடும்போது வந்த அதே சத்தம்.

நான் அடித்தேன். உள்ளங்கையால் இல்லை. முஷ்டியை மடக்கி, மேலே இருந்து கீழே, கெண்டைக்கு அடிக்கிற அடி. அது அவளுடைய வாயில் விழுந்தது. அவள் பின்னால் போய் வாங்கின் விளிம்பில் தலை மோதி இருந்துவிட்டாள். பெட்டி திறந்து சோறு நிலமெல்லாம் சிதறியது. இரத்தம் நாடியால் வழிந்து அவளுடைய கம்பளிச் சட்டையில் இறங்கியது. நான் திரும்பவும் கையை ஓங்கியிருந்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் இது முழுக்கப் பொய். ஆரணி பின்னால் இருந்து கட்டிப்பிடித்திராவிட்டால் அந்தக் கை இறங்கியிருக்கும்.

காவலர்கள் ஓடி வந்தார்கள். ஒருவர் என்னைச் சுவரோடு நிறுத்தினார். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்து ஆரணியின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் என்னைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். போ என்று நான்தான் சொன்னேன். ஒரு வருடத்தில் முதல் தரமாகச் சொன்னேன். அவள் சட்டைக் கொலரை இழுத்துச் சரிசெய்துகொண்டு தனியாக உள்ளே போனாள். வெள்ளைத் துணியில் ஒரு சிறு சிவப்புப் பொட்டு ஊறி வந்திருந்தது.

அந்த மனிசியை எதிரே இருத்தி வாய்க்குப் பஞ்சு கொடுத்தார்கள். என்னை இந்தப் பக்கம் இருத்தினார்கள். நடுவில் சோறு. யாரோ வந்து கூட்டும் வரைக்கும் நாங்கள் இருவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அவளும் விடிய எழும்பிச் சமைத்திருப்பாள். அவளுடைய சொண்டு வீங்கி ஒரு பக்கமாகப் போய்விட்டது. என் முஷ்டியில் அவளுடைய பல் பட்டுக் கிழித்திருந்தது. எனக்கு அவள் மேல் கோபம் இல்லை. கை மட்டும் இன்னும் சூடாக இருந்தது.

ஆரணி வெளியே வந்தபோது அவளுடைய முகத்தில் இரத்தமே இல்லை.

"காட்டினன்," என்றாள்.

"பயமா இருந்ததோ?"

"ஓம். அவன் குனிஞ்சிட்டான் அம்மா. நான் குனியேல்லை."

எதிரே இருந்த மனிசிக்கு எங்கள் மொழி தெரியாது. ஆனால் அவளுக்கு விளங்கிவிட்டது. பஞ்சை வாயில் இருந்து எடுத்தாள். அழவில்லை, ஒரு மூச்சு மட்டும் நீளமாகப் போனது.

பொலிஸ் உத்தியோகத்தர் ஒரு பெண். முதலில் அந்த மனிசிக்கு முன்னால் குனிந்து, அடித்தது யார், காட்ட முடியுமா என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். அவள் காட்டாமல் விடுவாள் என்று எனக்கு ஓர் எண்ணம் வந்தது. நாங்கள் இருவரும் தாய்மார் என்று ஒரு எண்ணம். அவள் கையைத் தூக்கினாள். விரல் நேரே என் நெஞ்சுக்கு வந்து நின்றது. முகத்தை மறைக்கவில்லை, கண்ணையும் எடுக்கவில்லை.

அந்த விரலுக்குத்தான் நான் பதின்மூன்று வயதில் இருந்து பயந்துகொண்டிருந்தேன். அது வந்துவிட்டது. நியாயமாகத்தான் வந்திருந்தது.

உத்தியோகத்தர் என் பக்கம் திரும்பினார். ஆரணி சட்டென்று என் காதுக்குள் குனிந்தாள். 

"ஒண்டும் சொல்லாதேங்கோ அம்மா. லோயர் வரட்டும். தெரியாது எண்டு சொல்லுங்கோ."

நான் அவளுடைய கையை என் தோளில் இருந்து மெதுவாக எடுத்தேன். வுய், மடாம், நான்தான் அடித்தேன் என்றேன். உத்தியோகத்தர் பெயரைக் கேட்டார். நீளமான பெயர், மகள் வழக்கமாக எனக்காகச் சொல்வாள், அவள் வாயைத் திறக்கவும் செய்தாள். நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, எழுத்து எழுத்தாக நானே சொன்னேன்.